புது எல்சிடி டிவி: கோளாறு படத்திலா, பேனலிலா, என் கண்ணிலா?

மாலைவெயில்:

வணக்கம் நண்பர்களே. பதினான்கு வருஷம் ஓடிய பிக்சர் டியூப் டிவிக்கு ஒருவழியாக ஓய்வு கொடுத்துவிட்டு 43 அங்குல ஃபுல் எச்டி எல்சிடி ஒன்று வாங்கி மாட்டியிருக்கிறேன். பெட்டியில் எல்இடி டிவி என்றுதான் போட்டிருக்கிறது, ஆனால் பின்னாலிருந்து வெளிச்சம் கொடுப்பதுதான் எல்இடி, திரை எல்சிடியேதான் என்பது வாங்கின பிறகுதான் தெரிந்தது. கடையில் பார்த்தபோது கண்ணைப் பறித்தது. வீட்டில் மூன்று நாளாகப் பார்க்கிறேன், பறித்த கண்ணைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்றிருக்கிறது.

சாதாரண சேனல்களில் முகமெல்லாம் மெழுகு பூசின மாதிரி வழவழவென்று இருக்கிறது. கொஞ்சம் கிட்டே போனால் உதடு ஓரத்திலும் சட்டைக் காலரிலும் கொசு மொய்க்கிற மாதிரி ஏதோ துடிக்கிறது. சினிமா போட்டால் சினிமா மாதிரியே இல்லை, ஆட்கள் தனியாக, பின்னணி தனியாக வழுக்கிக்கொண்டு போகிறது, படப்பிடிப்பை யாரோ பக்கத்தில் நின்று வீடியோ எடுத்த மாதிரி. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் கறுப்பு கறுப்பாக இல்லாமல் சாம்பல் பூத்திருக்கிறது. இடது கீழ் மூலையில் வேறு லேசாக வெளிச்சம் கசிகிறது. மொபைலில் அதைப் படம் எடுத்துப் பார்த்தேன், டார்ச் அடித்த மாதிரி இருந்தது, பயந்தே போனேன்.

மாற்றிக் கொடுக்க இன்னும் ஏழு நாள் அவகாசம் இருக்கிறது. இதில் எது செட்டிங் மாற்றினால் போய்விடும், எது பேனலிலேயே, அதாவது திரைப் பலகையிலேயே, இருக்கிற கோளாறு, எதை வைத்து முடிவு செய்வது? வீட்டில் மற்றவர்கள் 'நல்லாத்தானே இருக்கு' என்கிறார்கள், அதுதான் எல்லாவற்றையும் விட எரிச்சல்.


ஓரப்பார்வை:

பேனல் மேல் அதற்குள் பழி போடாதீர்கள். நீங்கள் சொன்னதில் முக்கால்வாசி டிவிக்குள் வருகிற சிக்னலும் அதன் மேல் டிவி செய்கிற கைவேலையும்தான். அந்த இரண்டையும் விலக்கிவிட்டு மிச்சம் என்ன நிற்கிறதோ அதுதான் பேனல். அதைப் பார்த்துத்தான் மாற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும்.

டிவியை ஒரு அரை மணி நேரம் ஓட விட்டுவிட்டு பிக்சர் மெனுவில் எந்த மோடு இருக்கிறது என்று பாருங்கள். விவிட் அல்லது டைனமிக் என்று இருந்தால் அது கடைக்கான மோடு. வரிசையாக நிற்கிற டிவிகளுக்கு நடுவில், பளீரென்ற விளக்கு வெளிச்சத்தில், வாங்க வந்தவர் தன் பக்கம் திரும்ப வேண்டும் என்பதற்காகவே வெள்ளையில் நீலத்தைக் கலந்து, நிறத்தை ஏற்றி, பேக்லைட் என்கிற பின்விளக்கை முழுசாகத் திறந்து விட்டிருப்பார்கள். வீட்டுக்கு அது ஆகாது. முதல் தடவை ஆன் செய்தபோது 'வீடா, கடையா' என்று ஒரு கேள்வி கேட்டிருக்கும், அதில் கடை என்று அழுத்தியிருந்தால் நீங்கள் மாற்றுகிற செட்டிங் தானாகவே பழையபடி போய்விடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சினிமா அல்லது மூவி என்று ஒரு மோடு இருக்கும், கொஞ்சம் புதிய டிவி என்றால் ஃபிலிம்மேக்கர் மோடு என்றே இருக்கலாம், 2019-ல் அறிவித்தது. அதைப் போட்டதும் 'ஐயோ, மஞ்சளாக இருக்கிறதே' என்பீர்கள். எல்லாரும் சொல்வதுதான். எச்டி படங்களுக்கு பிடி.709 என்று ஒரு நிற விதி இருக்கிறது, அதில் வெள்ளை என்பது கிட்டத்தட்ட 6500 கெல்வின், பகல் வெளிச்சத்தின் வெள்ளை. படத்துக்கு நிறம் சரிசெய்கிறவர்கள் அந்த வெள்ளையை வைத்துத்தான் வேலை செய்கிறார்கள். உங்கள் கண் மூன்று நாளாக நீல வெள்ளைக்குப் பழகிக் கிடக்கிறது. இன்னொரு மூன்று நாள் வார்ம் என்கிற இந்த மஞ்சள் சாயலை வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் விவிடுக்குத் திரும்பிப் பாருங்கள், அது எவ்வளவு நீலம் என்று அப்போதுதான் உறைக்கும்.

சினிமா வழுக்குவதற்குக் காரணம் டிவி நடுவில் இல்லாத ஃபிரேம்களை, அதாவது தனித்தனிப் படங்களை, இட்டுக்கட்டிச் சேர்ப்பது. சினிமா நொடிக்கு 24 ஃபிரேம், டிவி 60 தடவையோ அதற்கு மேலோ படத்தைப் புதுப்பிக்கிறது. இடைவெளியை நிரப்ப முன் ஃபிரேமையும் பின் ஃபிரேமையும் பார்த்து நடுவில் ஒன்றை ஊகித்து வரைந்துவிடுகிறது. மோஷன், ஸ்மூத், ஃப்ளோ, பிளஸ் என்று கம்பெனிக்குக் கம்பெனி ஒரு பெயர் வைத்திருப்பார்கள், மெனுவில் தேடி அணைத்துவிடுங்கள். கூடவே நாய்ஸ் ரிடக்‌ஷன், டைனமிக் கான்ட்ராஸ்ட், எட்ஜ் என்ஹான்ஸ், ஸ்கின் டோன், அறை வெளிச்சத்துக்குத் தக்கபடி திரையைக் கூட்டிக் குறைக்கிற ஈகோ சென்சார், எல்லாவற்றையும் அணையுங்கள். மெழுகு முகம் பாதி நாய்ஸ் ரிடக்‌ஷன் செய்கிற வேலை. அது படத்தில் மினுக்குகிற குப்பைப் புள்ளியையும் அழிக்கும், தோலில் இருக்கிற துளையையும் அழிக்கும், இரண்டுக்கும் வித்தியாசம் அதற்குத் தெரியாது.

மிச்சப் பாதி சேனல். இதை யாரும் கடையில் சொல்ல மாட்டார்கள். சாதாரண சேனலின் படம் அதிகபட்சம் 720×576, அதாவது நாலு லட்சத்துச் சொச்சம் புள்ளி. உங்கள் திரையில் 1920×1080, இருபது லட்சத்துக்கு மேல். ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு ஐந்து புள்ளி இடத்தை நிரப்பச் சொன்னால் பாவம் அது என்ன செய்யும், மெழுகத்தான் செய்யும். நீங்கள் பார்த்த கொசு இருக்கிறதே, அதை அந்தத் தொழிலில் இருப்பவர்களும் கொசு என்றுதான் சொல்கிறார்கள், படத்தை ரொம்ப இறுக்கி அமுக்கி அனுப்பும்போது கூர்மையான விளிம்பைச் சுற்றி வருகிற குப்பை அது. உங்கள் பழைய டிவிக்கும் அதே குப்பைதான் வந்தது, சின்னத் திரை, மங்கலான புள்ளி, எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. புது டிவி மறைக்கவில்லை, அதுதான் அதன் குற்றம்.

அதனால் சேனலை வைத்து டிவியை எடை போடாதீர்கள். நல்ல ப்ளூரே டிஸ்க் ஒன்று கிடைத்தால் அதைப் போடுங்கள். டிவிடி வீடியோவுக்கு உச்சவரம்பே நொடிக்கு 9.8 மெகாபிட், ப்ளூரேயில் 40 வரை போகலாம். பிளேயர் இல்லையென்றால் நல்ல கேமராவில் எடுத்த புகைப்படங்களை 1920×1080 அளவுக்குக் குறைத்து பென்டிரைவில் போட்டுக் காட்டுங்கள். அதிலும் முகம் மெழுகாக இருந்தால் வந்து சொல்லுங்கள்.

செட்டாப் பாக்ஸ் எச்டியா? எச்டி என்றாலும் அதன் மெனுவில் வெளியீடு என்னவாக வைத்திருக்கிறது என்று பாருங்கள். 576 வரியில் நின்றுகொண்டிருக்கும் பாக்ஸ்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வயர் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று முனை உள்ளதா, எச்டிஎம்ஐயா என்பதையும் சொல்லுங்கள்.


பழையகுழாய்:

ஓரப்பார்வை சொன்னதெல்லாம் சரி, ஆனால் கறுப்பு விஷயத்தை நைசாகத் தாண்டிப் போய்விட்டார். அதில் செட்டிங் செய்யக்கூடியது கொஞ்சம்தான் தம்பி. எல்சிடி என்பது பின்னால் எப்போதும் எரிகிற விளக்குக்கு முன்னால் லட்சக்கணக்கில் சின்னச் சின்னக் கதவு. கறுப்பு காட்ட வேண்டும் என்றால் கதவைச் சாத்த வேண்டும், எந்தக் கதவும் முழுசாகச் சாத்துவதில்லை, ஒளி கசிந்துகொண்டேதான் இருக்கும். இந்தப் பேனல்களில் ஐபிஎஸ், விஏ என்று இரண்டு வகை. ஐபிஎஸ் பேனல் என்றால் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம் சுமார் 1000-க்கு 1. விஏ பேனல் என்றால் 3000, 4000, அதற்கு மேலும் போகும். நிட் என்பது வெளிச்சத்தின் அளவு, திரையில் வெள்ளை 100 நிட் என்றால் ஐபிஎஸ்ஸில் கறுப்பு 0.1 நிட், நல்ல விஏயில் அதில் கால்பங்கு. பகலில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது, விளக்கை அணைத்தால் ஐபிஎஸ் காட்டிக்கொடுத்துவிடும்.

பெட்டி மேல் பத்து லட்சத்துக்கு ஒன்று என்று போட்டிருந்தால் சிரித்துவிட்டு விடுங்கள். இருட்டான காட்சியில் பின்விளக்கையே குறைத்துவிட்டு அளந்த கறுப்பையும், வெளிச்சமான காட்சியில் முழு விளக்கில் அளந்த வெள்ளையையும் வகுத்த கணக்கு அது. ஒரே நேரத்தில் இரண்டும் திரையில் இருக்காது. இதைப் பார்க்க வேண்டுமென்றால் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து ஓடும் டைட்டிலைப் போடுங்கள், எழுத்து வருவதற்கு முன்னால் திரை இருட்டி, எழுத்து வந்ததும் மொத்தத் திரையும் மூச்சு விடுகிற மாதிரி உப்பும்.

உங்களுடையது ஐபிஎஸ்ஸா விஏயா என்று கண்டுபிடிக்க மெனு தேவையில்லை. முகம் பெரிதாகத் தெரிகிற காட்சியை நிறுத்திவிட்டு அறையின் ஓரத்துக்குப் போய் நின்று பாருங்கள். நிறம் அப்படியே இருந்தால் பெரும்பாலும் ஐபிஎஸ். வெளுத்துப் போனால் விஏ. குடும்பமே அறை முழுக்க உட்கார்ந்து பார்க்கிற வீட்டுக்கு ஐபிஎஸ், ராத்திரி ஒற்றை ஆளாக நேர் எதிரே உட்கார்ந்து படம் பார்க்கிறவருக்கு விஏ. இரண்டும் ஒரே பேனலில் வேண்டும் என்றால் வேறு சாதி டிவிக்குப் போக வேண்டும், எல்சிடி தராது.

இன்னொன்று, அசைவு. டியூப் டிவியில் ஒவ்வொரு புள்ளியும் பளிச்சென்று மின்னி உடனே அணைந்துவிடும். எல்சிடியில் 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 தடவை, என்றால் ஒரு ஃபிரேம் 16.7 மில்லி நொடி அசையாமல் நிற்கும், அதற்குள் உங்கள் கண் ஓடுகிற பந்தைத் தொடர்ந்து நகர்ந்துவிடும், அதனால் படம் விழித்திரையில் இழுபடும். பந்து நொடிக்கு 960 பிக்சல் போனால் 16 பிக்சல் அளவுக்கு இழுவல். பேனல் எவ்வளவு வேகமாக இருந்தாலும் இந்த இழுவல் இருக்கும், நிற்கிற நேரம்தான் காரணம். மோஷனை அணையுங்கள் என்று ஓரப்பார்வை சொன்னது சினிமாவுக்குச் சரி, விளையாட்டு நேரலைக்கு அதையே குறைந்த அளவில் போட்டுப் பாருங்கள், இழுவல் குறையும். என்னைக் கேட்டால் அந்தப் பழைய டியூபை ஓய்வுக்கு அனுப்பியிருக்கக் கூடாது, ஆனால் அதைச் சொல்லி இப்போது என்ன ஆகப்போகிறது.


மாலைவெயில்:

இருவருக்கும் நன்றி. விவிடில்தான் இருந்தது. மூவி மோடுக்கு மாற்றி, நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் அணைத்தேன். மஞ்சள்! ஆனால் சினிமா சினிமாவாக வந்துவிட்டது, அந்த ஒன்றுக்கே உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

பாக்ஸ் எச்டிதான், எச்டிஎம்ஐ வயர்தான், ஆனால் வெளியீடு 576 என்று இருந்தது. 1080-க்கு மாற்றினேன். எச்டி சேனலில் இப்போது செய்தி வாசிப்பவரின் தலைமுடி தனித்தனியாகத் தெரிகிறது. சாதாரண சேனல் அப்படியேதான் மெழுகு, சரி, அதை விட்டுவிட்டேன்.

ஓரத்தில் நின்று பார்த்தேன், நிறம் மாறவில்லை, ஆக ஐபிஎஸ். கறுப்புக்கு ஏதாவது செய்ய முடியுமா? பிரைட்னஸைக் குறைத்துப் பார்த்தேன், கறுப்புச் சட்டை போட்டவரின் உடம்பே காணாமல் போய்விட்டது. அப்புறம் மூலை வெளிச்சம் அப்படியே இருக்கிறது.


ஓரப்பார்வை:

பிரைட்னஸ் என்ற பெயரே குழப்பம். பெரும்பாலான டிவிகளில் அது வெளிச்சத்தை மாற்றுவதில்லை, கறுப்பு எங்கே தொடங்க வேண்டும் என்பதை மாற்றும். வெள்ளை எங்கே முடிய வேண்டும் என்பதைக் கான்ட்ராஸ்ட் மாற்றும். உண்மையான வெளிச்சம் பேக்லைட் என்ற தனி வரியில் இருக்கும். ராத்திரிக்கு அதைத்தான் குறைக்க வேண்டும், கறுப்புச் சட்டை உயிரோடு இருக்கும், சாம்பலும் குறையும்.

பிரைட்னஸை எங்கே நிறுத்துவது என்பதற்கு ஒரு சோதனைப் படம் இருக்கிறது, ப்ளூஜ் என்பார்கள், பிபிசியில் பிறந்த சரக்கு. கறுப்புப் பின்னணியில் கறுப்பை விடக் கொஞ்சம் கறுத்த ஒரு பட்டை, கறுப்பை விடக் கொஞ்சம் வெளுத்த ஒரு பட்டை. வெளுத்தது மட்டும் அரும்பி அரும்பித் தெரிய வேண்டும், கறுத்தது தெரியவே கூடாது, அந்த இடம்தான் சரி. ஏவிஎஸ் எச்டி 709 என்று ஒரு இலவசத் தொகுப்பு இருக்கிறது, இதெல்லாம் அதில் உண்டு, பென்டிரைவிலேயே போட்டுப் பார்க்கலாம். விளக்கை அணைத்துவிட்டு ராத்திரி செய்யுங்கள், பகலில் செய்தால் தப்பாக வரும்.

அதற்கு முன்னால் ஒரு சங்கதி. வீடியோவில் கறுப்பு என்பது 16, வெள்ளை 235. கம்ப்யூட்டரில் கறுப்பு 0, வெள்ளை 255. பாக்ஸ் 16-ஐக் கறுப்பு என்று அனுப்ப, டிவி 0-வை எதிர்பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், படம் முழுக்கச் சாம்பல் பூத்துவிடும். எச்டிஎம்ஐ பிளாக் லெவல் என்றோ ரேஞ்ச் என்றோ மெனுவில் இருக்கும், மாற்றி மாற்றிப் பாருங்கள். உங்கள் சாம்பலில் இதன் பங்கும் இருக்கலாம், எல்லாமே ஐபிஎஸ்ஸின் பாவம் என்று பெரியவர் பழையகுழாய் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஓவர்ஸ்கேன் இருந்தால் அதையும் அணையுங்கள். டியூப் காலத்துப் பழக்கம், படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரங்களை வெட்டிவிடும். 1080 வரியும் 1080 வரியில் ஒன்றுக்கு ஒன்றாக உட்கார வேண்டியது, பெரிதாக்கினதும் எல்லாம் மறுபடி கலைந்து மங்கும். ஜஸ்ட் ஸ்கேன், ஸ்க்ரீன் ஃபிட், ஒன்றுக்கு ஒன்று என்று ஏதோ ஒரு பெயரில் இருக்கும். எச்டி ரெடி என்று 1366×768 பேனல்களில் இந்தச் சுகமே கிடையாது, 720 வரிப் படம் வந்தாலும் 1080 வரிப் படம் வந்தாலும் இரண்டுமே பேனலோடு பொருந்தாது. நான் அப்படி ஒன்றை ஆறு வருஷம் வைத்திருந்தேன்.

கடைசியாக, விளிம்புகளைக் கூர்மையாக்குகிற ஷார்ப்னெஸ், அதைப் பூஜ்யத்தில் வையுங்கள்.


நுனிப்புல்:

பூஜ்யம் எல்லா டிவிக்கும் சரியில்லை சார். சிலவற்றில் பூஜ்யம் வைத்தால் படத்தை வேண்டுமென்றே மழுக்கும், நடுவில் எங்கோதான் ஒன்றும் செய்யாத இடம் இருக்கும். என்னுடையதில் 50-க்கு 10. சாம்பல் பின்னணியில் மெல்லிய கறுப்புக் கோடு போட்ட படத்தை எடுத்துக்கொண்டு கூட்டிக்கொண்டே போங்கள், கோட்டைச் சுற்றி வெள்ளை ஒளிவட்டம் முளைக்கிற இடம் வரும், அங்கிருந்து ஒரு படி கீழே இறங்கி நில்லுங்கள். அந்த ஒளிவட்டம் படத்தில் இல்லாதது, டிவி சேர்ப்பது.


ஓரப்பார்வை:

ஒப்புக்கொள்கிறேன், நுனிப்புல் சொன்னபடியே செய்யுங்கள். என் டிவியில் பூஜ்யம் சரி என்பதால் உலகத்துக்கே பூஜ்யம் என்று எழுதிவிட்டேன்.


பிக்சல்பித்தன்:

ஏழு நாள் கெடு என்கிறீர்கள், யாருமே பேனலைச் சோதிக்கச் சொல்லவில்லை. செட்டிங்கை அடுத்த வருஷம் கூட மாற்றலாம், பேனலைப் பார்க்க இப்போதுதான் நேரம்.

முழுச் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு, அப்புறம் நடுத்தரச் சாம்பல், ஆறு படம் 1920×1080-ல் செய்து பென்டிரைவில் போடுங்கள். நிறங்களில் கைக்கெட்டும் தூரத்தில் நின்று மேலிருந்து கீழாகத் திரையை அலசுங்கள். ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கிளைப் புள்ளி. எப்போதும் கறுப்பாகவே இருந்தால் அது செத்தது. கறுப்புத் திரையில் ஒன்று மட்டும் நிறத்தோடு மினுக்கினால் அது மாட்டிக்கொண்டது. ஒன்றிரண்டு இருந்தால் கம்பெனி மாற்றித் தரும் என்று நம்பாதீர்கள். 2001-ல் வந்த ஐஎஸ்ஓ 13406-2 விதியின் இரண்டாம் வகுப்பில் பத்து லட்சம் பிக்சலுக்கு எப்போதும் எரிகிறது இரண்டு, எப்போதும் அணைந்தது இரண்டு, கிளைப் புள்ளிக் கோளாறு ஐந்து வரை தேறிவிடும். ஃபுல் எச்டியில் பிக்சல் அதற்கு இரண்டு மடங்கு, அனுமதியும் இரண்டு மடங்கு. 2008-ல் அந்த விதி போய் ஐஎஸ்ஓ 9241 வரிசை வந்துவிட்டது, ஆனால் கணக்குப் பார்க்கிற மனப்பான்மை போகவில்லை. உங்கள் கம்பெனியின் நிபந்தனைக் காகிதத்தில் எத்தனை என்று போட்டிருக்கும், படித்துவிடுங்கள்.

மூலை வெளிச்சத்துக்கு மொபைல் படத்தை நம்பாதீர்கள். இருட்டில் கேமரா தானாகவே வெளிச்சத்தை ஏற்றிக்கொள்ளும், எந்த எல்சிடியும் அதில் எரிமலை மாதிரிதான் தெரியும். கறுப்புத் திரையைப் போட்டு, நேர் எதிரே உட்கார்ந்து, தலையை மெதுவாக இடமும் வலமும் நகர்த்துங்கள். வெளிச்சம் தலையோடு சேர்ந்து நகர்ந்து, குறைந்து, கூடினால் அது ஐபிஎஸ்ஸின் இயல்பான மினுக்கம், கோணத்தால் வருவது, மாற்றி வாங்கினாலும் அப்படியேதான் வரும். அசையாமல் அதே இடத்தில் அதே அளவில் நின்றால் அது பேக்லைட் கசிவு. சட்டம் பேனலை அழுத்துகிற இடத்தில் வரும். சுவரில் மாட்டின திருகு ரொம்ப இறுகியிருந்தாலும் வரலாம், அதைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். துணியை வைத்துத் திரையைத் தேய்த்தால் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள், செய்யவே செய்யாதீர்கள், கசிவு போகாமல் பேனல் போன கதை எனக்குத் தெரியும்.

எல்லாவற்றையும் விட முக்கியம் சாம்பல் படம். அறையை இருட்டாக்கி, நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து பாருங்கள். பேனல் நன்றாக இருந்தால் மேகமில்லாத வானம் மாதிரி சீராக இருக்கும். மோசமாக இருந்தால் திட்டுத் திட்டாக, பட்டை பட்டையாக, அழுக்குக் கண்ணாடி மாதிரி இருக்கும். அதை அழுக்குத் திரை என்றுதான் சொல்வோம். கேமரா பச்சைப் புல்தரை மேல் இடமிருந்து வலமாக ஓடும்போது புல் நகரும், அழுக்கு அப்படியே நிற்கும். எந்தச் செட்டிங்குக்கும் அது போகாது. கசிவைக் கூட விளக்குப் போட்டு மறைக்கலாம், அழுக்குத் திரை பட்டப்பகலிலும் தெரியும். மாற்றுவதென்றால் இதற்காக மாற்றுங்கள்.

வானத்தில் படிக்கட்டு மாதிரி வளையம் வளையமாகத் தெரிந்தால் அதை அழுக்கு என்று எண்ணிக் குழப்பிக்கொள்ளாதீர்கள், அது பெரும்பாலும் அமுக்கின வீடியோவின் வேலை. காட்சி மாறினால் வளையமும் இடம் மாறும்.


பாதிவெளிச்சம்:

மாலைவெயில், ஒரு அனுபவஸ்தன் சொல்கிறேன், கேளுங்கள். அந்தச் சாம்பல் படத்தைப் போடாதீர்கள். நான் போட்டேன். அதற்கு முன்னால் எட்டு மாசம் நிம்மதியாகப் பந்து விளையாட்டு பார்த்துக்கொண்டிருந்தேன், அதற்கப்புறம் பந்தைப் பார்த்ததே இல்லை, வலது பக்கம் நிற்கிற பட்டையைத்தான் பார்க்கிறேன். ஒரு தடவை கண்ணில் பட்டால் போதும், கண் அதையேதான் தேடிப் போகும். எவ்வளவு தூரத்தில் உட்காருகிறீர்கள்?


பிக்சல்பித்தன்:

எட்டு மாசம் கழித்துப் பார்த்தால் அப்படித்தான் ஆகும் பாதிவெளிச்சம். அவருக்கு ஏழு நாள் இருக்கிறது. இப்போது பார்த்தால் மாற்றலாம், அப்புறம் பார்த்தால் அழத்தான் முடியும்.


மாலைவெயில்:

தூரம் ஒன்பது அடி.


பழையகுழாய்:

ஒன்பது அடியா? 43 அங்குலத் திரையின் உயரம் 21 அங்குலம். சராசரிக் கண்ணுக்கு 1080 வரியும் பிரிந்து தெரிய உயரத்தைப் போல மூன்று மடங்குக்குக் கொஞ்சம் மேல் தூரம்தான் எல்லை, அதாவது ஐந்தரை அடி. அதைத் தாண்டினால் பிக்சல் பிக்சலாக அலசினதெல்லாம் கண்ணுக்கே எட்டாது. இன்னும் அதிகப் புள்ளி உள்ள 4கே வாங்காமல் விட்டுவிட்டோமே என்று ராத்திரி தூக்கம் கெட்டால் இந்தக் கணக்கை நினைத்துக்கொண்டு தூங்குங்கள். ஆனால் கறுப்பும் பட்டையும் ஒன்பது அடியிலும் தெரியும். டிவிக்குப் பின்னால் சுவரில் படுகிற மாதிரி ஒரு மங்கலான வெள்ளை விளக்கு வையுங்கள், 6500 கெல்வின் பார்த்து வாங்குங்கள், கறுப்பு திடீரென்று கறுப்பாகத் தெரியும். திரையில் ஒன்றும் மாறாது, கண்தான் ஏமாறும், ஆனால் ஏமாறட்டுமே.


மாலைவெயில்:

ஐந்து நாள் கழித்து வருகிறேன், எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

ரேஞ்ச் தப்பாகத்தான் இருந்தது. பாக்ஸுக்கும் டிவிக்கும் ஒத்துப்போகவில்லை, மாற்றினதும் சாம்பலில் பெரும்பகுதி போய்விட்டது. பேக்லைட்டை ராத்திரிக்கு 100-லிருந்து 35-க்குக் கொண்டுவந்தேன். ப்ளூஜ் வைத்துப் பிரைட்னஸைச் சரி செய்தேன், ஷார்ப்னெஸ் நுனிப்புல் சொன்ன முறையில் 15-ல் நின்றது. பின்னால் விளக்கும் வைத்துவிட்டேன், பெரியவர் சொன்னது நிஜம்.

மூலை வெளிச்சம் தலையோடு நகர்ந்தது. ஆகவே கசிவில்லை, ஐபிஎஸ் மினுக்கம். திருகைத் தொடவில்லை.

சாம்பல் படத்தை ஒரு நாள் முழுக்கப் போடாமல் தள்ளிப்போட்டேன், பாதிவெளிச்சம் கிளப்பின பயம். கடைசியில் போட்டேன். நடுவிலிருந்து இடது பக்கம் ஒரு சாண் தள்ளி, மேலிருந்து கீழாக ஒரு கறுத்த பட்டை, உள்ளங்கை அகலம். மூன்று நாளாக அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன், தெரியவில்லை. தெரிந்த பிறகு அன்றைக்கு ராத்திரி நேரலையில் கேமரா திரும்பின ஒவ்வொரு தடவையும் பட்டைதான். வீட்டில் யாருக்கும் தெரியவில்லை என்றார்கள், விரலை வைத்துக் காட்டினேன், இப்போது எல்லாருக்கும் தெரிகிறது, எல்லாரும் என்னைத்தான் திட்டுகிறார்கள்.

மாற்றக் கேட்டேன். முதலில் 'படம் வருகிறதே சார்' என்றார்கள். சாம்பல் படத்தை அவர்கள் எதிரிலேயே போட்டுக் காட்டினதும் அதற்கு மேல் பேசவில்லை. நேற்று வேறு ஒன்று வந்தது. இதிலும் மினுக்கம் அதே மூலையில் இருக்கிறது, பட்டை இல்லை, சாம்பல் ஓரங்களில் மட்டும் லேசாகக் கறுக்கிறது, மற்றபடி சீர். வலது கீழே ஒரு பச்சைப் புள்ளி மாட்டிக்கொண்டிருக்கிறது, கறுப்புத் திரையில், கைக்கெட்டும் தூரத்தில் மட்டும். ஒன்பது அடியில் இல்லவே இல்லை. இதை வைத்துக்கொள்கிறேன்.

பிக்சல்பித்தன் கோபித்துக்கொள்ளக் கூடாது, பென்டிரைவிலிருந்து அந்த ஆறு படத்தையும் அழித்துவிட்டேன்.